வெலிக்கடையை என்ன செய்வது?

கொழும்பில் காணியைப் பேர்ச்சசில்தான் பேசுவார்கள். பொரளையில் பத்துப் பேர்ச்சஸ் விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தாலே தரகர்மார் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பொரளைச் சந்தியிலிருந்து பேஸ்லைன் வீதியால் தெமட்டகொடைப் பக்கம் கொஞ்சத் தூரம் போனால், நாற்பது ஏக்கருக்கு மேற்பட்ட காணி ஒரே துண்டாகக் கிடக்கிறது. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் வீதம் பார்த்தால் 6,400க்கு மேல். அதுதான் வெலிக்கடைச் சிறைச்சாலை. சிறையை ஹொரணைப் பக்கம் கொண்டுபோவோம், காணியை அபிவிருத்திக்கு எடுப்போம் என்ற பேச்சு ஆட்சிக்கு ஆட்சி எழும்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நான் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டடக் கலைஞர்கள் பெயர் வாங்குவார்கள். கோடு கீறுவது நாங்கள். என் கைக்கு வந்ததில் பெரும்பகுதி பழைய கட்டடங்களை அளந்து படமாக்கும் வேலை. திருத்த முதல் அளப்போம், இடிக்க முதலும் அளப்போம். அதனால் ஒரு பழைய கட்டடம் பற்றிய பேச்சு வீட்டில் வந்தால் எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. தங்கச்சியின் மகன் கியூ.எஸ். வேலை பார்க்கிறான். ஒரு கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சீமெந்து, எத்தனை தொன் கம்பி, எவ்வளவு காசு என்று கணக்குப் போடுகிறவன். வெலிக்கடைப் பேச்சில் அவனும் நானும் எப்போதும் எதிர்ப்பக்கம்.

“பெரியம்மா, ஒரு மறியலை வச்சுக் கும்பிடவா போறீங்கள்? உடைச்சுப்போட்டு ஒழுங்கா பிளட்ஸ் கட்டினா வனாத்தமுல்லைச் சனமாவது மனிசரா இருக்கும்.”

அவன் சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வெலிக்கடை 1841இல் கட்டப்பட்டது. கட்டியவர்கள் நினைத்த தொகையைப் போலப் பல மடங்கு ஆட்களை அதற்குள் அடைத்து வைத்திருக்கிறோம். முறை வைத்துத் தூங்கும் இடத்தை, பழமையின் பெயரால் அப்படியே வைத்திருக்கச் சொல்வது பாவம். பக்கத்திலேயே வனாத்தமுல்லையில் 2001இல் 671 வீடுகளோடு ‘சஹஸ்புர’ தொடர்மாடி எழும்பியது. கொழும்பில் தோட்டக் குடியிருப்புகளில் இருந்த சனத்தை மாடிக்கு ஏற்றிய முதல் பெரிய முயற்சிகளில் அது ஒன்று. சின்னச் சின்ன வீடுகள். அந்தச் சனத்துக்கு அகலமாக ஒரு இடம் கிடைக்குமென்றால் சிறைச்சாலை மதிலை நானே காட்டிக்கொடுப்பேன். கைதிகளை மாற்ற வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்தில்லை. அவர்கள் போன பிறகு அந்தக் கட்டடங்களை என்ன செய்வது என்பதில்தான் சண்டை.

பழைய சிறைகளை வைத்துக்கொண்டு திண்டாடியது கொழும்பு மட்டும் அல்ல. சென்னையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மத்திய சிறை 1837இல் தொடங்கியது. கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009இல் இடிக்க முதல் சில நாட்கள் சனத்துக்குத் திறந்துவிட்டார்கள்; அண்ணாவும் கருணாநிதியும் இருந்த இடம் என்று குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்த வருடமே அது தரைமட்டம். காணி மருத்துவக் கல்லூரிக்கும் மெட்ரோவுக்கும் போனது. மருத்துவக் கல்லூரி வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? கோலாலம்பூரில் புடு சிறைக்கு 2010 ஜூனில் இடி விழத் தொடங்கியது. பெருமைப்பட அதில் எதுவுமில்லை என்று நாடாளுமன்றத்திலேயே பதில் வந்தது. வாசல் வளைவை மட்டும் விட்டார்கள். அதன் பின்னால் இன்று பெரிய கடைத்தொகுதி. 

அந்தமானில் கதை பாதியில் நிற்கிறது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கைகளாக விரிந்த சிறை அது. நான்கு கைகள் போய்விட்டன. அந்த இடத்தில் மருத்துவமனை எழும்பியது. மிச்சத்தையும் தொடாதே என்று, அங்கே அடைபட்டிருந்து உயிரோடு திரும்பியவர்களே எதிர்த்தார்கள். மூன்று கைகளும் கோபுரமும் 1979இல் தேசிய நினைவுச்சின்னமாயின.

எனக்குப் பிடித்தது ஜொஹன்னஸ்பேர்க். 1908இல் காந்தியையும் அவரோடு தம்பி நாயுடுவையும் அடைத்த சிறைத்தொகுதி அங்கே இருக்கிறது. நிறவெறி ஆட்சி முடிந்ததும் அந்த வளவுக்குள்ளேயே அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்டினார்கள். 2004இல் திறந்தது. விளக்கமறியல் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்தார்கள். ஆனால் அதன் நான்கு படிக்கட்டுக் கூண்டுகளை நிற்கவிட்டு, இடித்த செங்கற்களை எடுத்து நீதிமன்ற மண்டபத்துச் சுவருக்கு வைத்தார்கள். பழைய கோட்டைச் சிறையையும், கறுப்பினத்தவரை வைத்திருந்த ‘நாலாம் இலக்க’த்தையும் அருங்காட்சியகமாக்கினார்கள். இடித்தவர்களுக்கும் காத்தவர்களுக்கும் எதை எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்திருந்தது.

“அது அவையள் வென்ற கதை பெரியம்மா,” என்றான் பெறாமகன். “வென்றவன் மறியலைக் காட்சிக்கு வைப்பான். எங்கட கதை அப்பிடியே?”

அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

வெலிக்கடைக்குள் ஒரு நாடே கிடந்திருக்கிறது. 1915 கலவரத்தில் டி. எஸ். சேனநாயக்கவைக் கொண்டுபோய் அடைத்தது அங்கே; பின்னாளில் அவர் நாட்டின் முதல் பிரதமர். பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்ட சோமாராமவை 1962 ஜூலையில் தூக்கிலிட்டது அங்கே. யுத்தத்தை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவும் அங்கே இருந்து வந்தவர்தான். 2012 நவம்பரில் நடந்த மோதலில் 27 கைதிகள் இறந்தார்கள்.

ஆனால் எங்கள் ஆட்களிடம் வெலிக்கடை என்றால் வருகிற திகதிகள் இரண்டு: 1983 ஜூலை 25, ஜூலை 27.

24ஆம் திகதி இரவு, கொல்லப்பட்ட இராணுவத்தினரின் இறுதிச் சடங்குக்கென்று கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள்தான் பொரளைச் சந்தியில் நாகலிங்கம் ஸ்டோர்ஸைக் கொளுத்தினார்கள். அந்த இரவை நாங்கள் பின்வளவுச் சிங்களக் குடும்பத்தின் சாமான் அறையில் கழித்தோம். அடுத்த நாள் பிற்பகல் வெலிக்கடைக்குள் 35 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். டெலோ இயக்கத்தின் குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் மூவரும் அந்த 35 பேரில் அடக்கம். எஞ்சியவர்களை வேறொரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். ஒரு நாள் விட்டு 27ஆம் திகதி அங்கேயும் 18 பேர். காந்தீயம் அமைப்பின் டொக்டர் ராஜசுந்தரம் அன்றைக்குத்தான் போனார். மொத்தம் 53. சிறைச்சாலை என்பது அரசாங்கம் பூட்டி, அரசாங்கம் காவல் நிற்கும் இடம். இன்றுவரை ஒருவர்கூட அதற்காகத் தண்டிக்கப்படவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அது ஒரு திகதியில் கோடு கீறுகிறது: 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் கையளிக்கப்பட்ட நாள். அதற்கு முந்திய கட்டடம் என்றால் பழமைச் சின்னம். பிந்தியது என்றால், அமைச்சர் மனம் வைத்து வர்த்தமானியில் போட்டால் பாதுகாக்கப்பட்ட சின்னம். அப்படிப் போடுவதற்கும் நூறு வருடம் என்ற வயது பார்ப்பார்கள். வெலிக்கடைக்கு 180 தாண்டிவிட்டது, வயது காணும். 1841இல் வெள்ளைக்காரன் கட்டியது என்று சொல்லி ஒரு கட்டடத்தை வர்த்தமானியில் ஏற்றலாம். 1983இல் உள்ளே 53 பேரைக் கொன்றார்கள் என்று சொல்லி ஏற்றுவதற்கு அந்தச் சட்டத்தில் பெட்டி இல்லை. கல்லுக்கு வயது கேட்பார்கள். கல்லுக்குள் நடந்ததைக் கேட்க மாட்டார்கள்.

இதனால்தான் ‘காப்பாற்றுவோம்’ என்ற சத்தமும் எனக்குக் கொஞ்சம் பயத்தைத் தருகிறது. கொழும்பில் காப்பாற்றுவது என்றால் எப்படி முடியும் என்று பார்த்துவிட்டேன். கோட்டையில் 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் மருத்துவமனை 2011 டிசம்பரில் சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளுமாகத் திறந்தது. வேலை சுத்தம், அந்தத் தடித்த சுவர்களையும் நீண்ட விறாந்தையையும் பார்க்க எனக்கே ஆசை. சுதந்திரச் சதுக்கத்தின் ஆர்கேட் அப்படிச் சுகமாகப் போய் நிற்கக்கூடிய இடமல்ல எனக்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மனநோயாளர் விடுதியாகக் கட்டியது அது; பிறகு கணக்காய்வாளர் திணைக்களம் இருந்தது; 2014இல் கடைத்தொகுதியாகியது. வெள்ளை வளைவுகளுக்குக் கீழே ஐஸ்கிரீம் குடிக்கிற பிள்ளைகளுக்கு, அங்கே யாரைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. பொஸ்டனிலும் இஸ்தான்புல்லிலும் பழைய சிறைகள் இன்று பெயர்போன ஹோட்டல்கள். கண்டியில் போகம்பரைச் சிறை 2014இல் பல்லேகலைக்குப் போனதும் இங்கேயும் சுற்றுலா, ஹோட்டல் என்ற பேச்சுத்தான் வந்தது. வெலிக்கடையில் அந்தக் கூடங்களுக்கு மஞ்சள் வெளிச்சம் போட்டுக் கோப்பி விற்பார்கள் என்றால், இடித்துவிடுங்கள் என்பேன்.

காப்பதும் இடிப்பதும் தவிர மூன்றாவது வழி ஒன்றிருக்கிறது. அதுதான் இங்கே அதிகம் நடப்பது: சும்மா விட்டுவிடுவது.

ஒரு பழைய கட்டடம் எப்படிச் சாகும் என்று நான் கூரைக்கு ஏறிப் பார்த்திருக்கிறேன். முதலில் போவது பீலி. இரண்டு கூரைகள் சந்திக்கிற உள்மூலைப் பீலியில் அரசிலையும் காகக் கூட்டுச் சுள்ளியும் அடைக்கும். ஒரு மழைக்குத் தண்ணி நிரம்பி ஓட்டுக்குக் கீழால் உள்ளே வழியும். சுவரின் தலையில் கிடக்கிற மரம் அதைக் குடிக்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாவியால் குத்தினால் சாவி உள்ளே போகும். அந்த மரம் இறங்கினால் கைமரம் இறங்கும், ஓடு நழுவும், பிறகு ஒவ்வொரு மழையும் நேரே வீட்டுக்குள். பார்த்தவர்கள் பயந்து சுவரைத் திருத்துகிறேன் என்று சீமெந்து பூசுவார்கள். அதோடு கதை முடிந்தது. அந்தச் சுவர்கள் கபுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நனைந்தால் தாங்களாகவே மூச்சுவிட்டுக் காய்கிறவை. சீமெந்துப் பூச்சு அந்த வாயை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே கிடந்து கல்லைக் கரைக்கும். வெளியே சுவர் புதிதாக இருக்கும். விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம் வரும். நல்ல பாஸ் ஒருவர் அந்தச் சத்தத்தை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவார். இதெல்லாம் நடக்க நாலைந்து மாரி காணும். பிறகு ஒரு பொறியியலாளர் வந்து ‘ஆபத்தான கட்டடம்’ என்று எழுதிக் கொடுப்பார். பொய்யும் இல்லை. கொம்பனித்தெருவில் 19ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா கட்டிய சிவப்புக் கட்டடம் அப்படித்தான்: கவனிப்பாரில்லாமல் கிடந்தது, ஒரு பகுதி சரிந்தது, பின்பு எல்லாமே போனது. இடிப்போமா வேண்டாமா என்று ஊர் பேசத் தொடங்கும்போது பீலி அடைத்து வருடக்கணக்காகியிருக்கும்.

கைதிகள் ஹொரணைக்குப் போன அடுத்த மாரியிலிருந்து வெலிக்கடைக்கும் இந்தக் கணக்குத் தொடங்கும்.

எங்களை மட்டும் புனிதர்களாக்கவும் நான் ஆயத்தமில்லை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நடுமுற்றமும் கள்ளிக்கோட்டை ஓடுமாக நின்ற வீடுகளை உடைத்து மாடி எழுப்பியது பெரும்பாலும் எங்கள் ஆட்களின் காசு. ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இருக்க இடம் வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து காசும் வந்தது. யாரும் ஒரு வீட்டுக்காகவேனும் கொடி பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலை மகன் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். பழையது போனதே என்று இன்று யாரும் அழுவதில்லை. புதியதுதான் இப்போது எங்கள் பழையது. இடித்துக் கட்டுவது எங்கள் கைக்குப் பழகிய வேலை.

யாழ்ப்பாண நூலகத்தில்தான் அந்தப் பழக்கம் கொஞ்சம் தயங்கியது. 1981இல் எரிந்த பின், எரிந்த பகுதியை அப்படியே விட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்றவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு வாசிக்க இடம் வேண்டும், கரிச்சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை காலம் இருப்பது என்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் முழுதும் திருத்திக் கட்டினார்கள். வெள்ளையாக, வடிவாக, எரியாதது போல நிற்கிறது. வாசிக்கப் போகும் பிள்ளைக்கு அது நல்லது. எரித்தவர்களுக்கும் அது வசதியாகிவிட்டது என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

ஆகவே பெறாமகனுக்கு நான் சொன்னது இதுதான். நாற்பது ஏக்கரையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. பேஸ்லைன் வீதி மதிலை உடையுங்கள். களஞ்சியங்கள், காவலர் விடுதிகள், பிறகு பிறகு ஒட்டுப்போட்டுக் கட்டிய கூடங்கள், எல்லாம் போகட்டும். அங்கே வனாத்தமுல்லைச் சனத்துக்கு யன்னல் திறந்தால் காற்று வருகிற வீடுகளைக் கட்டுங்கள். இரண்டை விடுங்கள். ஒன்று 25ஆம் திகதி நடந்த சப்பல் பகுதி. தப்பியவர்கள் எழுதியவற்றைப் படித்தால், சிலுவை போல நாலு பக்கமும் கை நீட்டிய கட்டடம் என்று தெரிகிறது. மற்றது 27ஆம் திகதி நடந்த இளைஞர் பகுதி. அவற்றில் 53 பெயர்களும் இருக்க வேண்டும். 2012இல் இறந்த 27 பேரின் பெயரும் இருக்க வேண்டும். அவர்கள் எந்த இனம் என்று நான் கேட்கவில்லை. பூட்டி வைத்த அரசாங்கத்தின் கையில் இறந்தவர்கள் என்பது எனக்குக் காணும்.

“இரண்டு கட்டடத்துக்கு நடுவில எப்பிடி பெரியம்மா பைலிங் அடிக்கிறது? பிளானே உடையும்,” என்றான். கியூ.எஸ். மூளை.

“ஜொஹன்னஸ்பேர்க்கில நாலு படிக்கட்டை வச்சுக்கொண்டு நீதிமன்றமே கட்டியிருக்கினம், ராசா. உன்ர பிளான் கொஞ்சம் நெளியட்டும்.”

அதற்கும் அரசாங்கம் மாட்டேன் என்றால்? சரி, இடிக்கட்டும். ஆனால் அளக்காமல் இடிக்கக் கூடாது. அல்பிரட் பிளேஸில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு 2009இல் பக்கத்து மருத்துவமனைக்கு விலைப்பட்டது. அதன் கல், தூண், கதவு, ஓடு ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டுக் கழற்றிக் கொண்டுபோய்ப் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் திரும்பப் பூட்டினார்கள். 2016இல் அது அங்கே திறந்தது. ஒரு பணக்கார வீட்டுக்கு அவ்வளவு அளந்த நாடு இது. சிறையை எங்கேயும் கொண்டுபோய்ப் பூட்டத் தேவையில்லை. படமாவது வேண்டும்.

அந்தப் படம் எனக்கு அழகுக்காக வேண்டியதில்லை. ஐம்பதில் ஒரு பங்கு அளவில் சப்பல் பகுதியைக் கீற வேண்டும். ஒவ்வொரு கம்பிக் கதவும் எந்தப் பக்கம் திறக்கும், பூட்டு உள்ளேயா வெளியேயா, கூட்டம் கூடிய முற்றத்திலிருந்து அடைக்கப்பட்டவர்களின் கூடு வரை எத்தனை கதவு, காவலர் நிற்கிற இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் எந்தக் கூடு தெரியும், சத்தம் கேட்கும் தூரம் எவ்வளவு. அன்றைக்கு வந்தவர்கள் எத்தனை பூட்டைத் தாண்டி வந்தார்கள் என்பதை ஒரு தாளில் வைத்து எண்ணலாம். சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கட்டடம் நிற்கும்வரைதான் அதை அளக்கலாம்.

பெறாமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எவ்வளவு காலம் வேணும்?” என்றான்.

“மூன்று பேரும் ஒரு ஏணியும் தந்தா ஒரு மாசம்.”

“இப்ப லேசர் மிஷின் இருக்கு பெரியம்மா. நடுவில வச்சா சுத்திச் சுத்தி அதுவே அளக்கும். ரெண்டு நாள்.”

மிஷின் சுவரை அளக்கட்டும், பூட்டுகளை நான் கையால் கீறுகிறேன் என்றேன். அனுமதிக் கடிதத்தைச் சிங்களத்தில் அவனே எழுதித் தந்தான்: சிறைச்சாலைகள் திணைக்களத்துக்கு ஒன்று, தொல்பொருள் திணைக்களத்துக்கு ஒன்று, நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கு ஒன்று. மூன்றையும் பொரளைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன்.